குழந்தை அழாவிட்டால் எங்கே கொண்டுபோவீர்கள்?

எனக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. ஐந்து வகை சாதம் செய்து, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கி, அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அப்பாவின் பழைய வேட்டிகளை வெந்நீரில் அலசி, கிழித்து, சதுரம் சதுரமாக மடித்து அம்மா அடுக்கி வைத்திருந்தார். கையில் கட்ட வசம்பு, தொட்டில் கட்டப் பருத்திச் சேலை, எல்லாம் தயார். பெயர்கூட யோசித்தாயிற்று. ஒன்றை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் மருத்துவரிடம் கேட்கவில்லை. பிறந்ததும் குழந்தை அழாவிட்டால் என்ன செய்வீர்கள், யார் பார்ப்பார்கள், எங்கே அனுப்புவீர்கள்? இதைக் கேட்பதே அபசகுனம் என்றுதான் எங்கள் பக்கம் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் நாங்கள் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

2023 நவம்பர். தேனி மாவட்டத்தில் ஒரு சிறு ஊர், அங்கே ஒரு தனியார் மருத்துவமனை. நாள் கடந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் சேர்த்து, வலி வருவதற்கு ட்ரிப் ஏற்றினார்கள். மாலை வரை வலி வந்தது, போனது. குழந்தையின் இதயத் துடிப்பு நடுநடுவே குறைகிறது என்று சிஸ்டர்கள் இரண்டு முறை தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஒன்பது மணிக்கு நீர்க்குடம் உடைத்தபோது தண்ணீர் பச்சையாக வந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது, உடனே சிசேரியன் என்றார்கள். ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். அவர் வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. 9.52க்குக் குழந்தையை எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டிருந்ததால் எனக்கு நினைவு நன்றாகவே இருந்தது. எல்லாரும் சொல்வார்களே, அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். தட்டில் கத்தரிக்கோல் வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு சிஸ்டர் தாழ்ந்த குரலில் எண்ணிக்கொண்டிருந்தது கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. "பையனா பொண்ணா" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

குழந்தை மருத்துவர் அப்போது அங்கே இல்லை. போன் செய்து வரவழைத்தார்கள், 25 நிமிடம் ஆனது. அதுவரை ஒரே ஒரு சிஸ்டர்தான் பையை அமுக்கி அமுக்கிக் குழந்தைக்கு மூச்சு கொடுத்திருக்கிறார். என் மகன் உயிரோடு இருப்பதற்கு முதல் காரணம் அந்தப் பெண்தான். பிறந்த குழந்தை தானாக மூச்சு விடாவிட்டால் முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எவ்வளவு பெரிய மருத்துவமனைக்குப் பிறகு கொண்டுபோனாலும் அந்த முதல் நிமிடத்தைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் எட்டாம் மாதச் செக்கப்பிலேயே கேளுங்கள்: பிரசவ நேரத்தில் குழந்தையை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவர் அறைக்குள் இருப்பாரா? குழந்தை மருத்துவர் கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வருவார்? ராத்திரி அவசரம் என்றால் மயக்க மருத்துவர் எங்கிருந்து வர வேண்டும்? இதற்குக் கோபப்படும் இடமாக இருந்தால், எட்டாம் மாதத்தில் இடம் மாற இன்னும் நேரம் இருக்கிறது.

மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். என் கணவர் லாரி ஓட்டுநர், லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூரில் இருந்தார். அப்பா இல்லை. அம்மா என்னோடு இருக்க வேண்டும். மிச்சம் என் தம்பி, 22 வயது. தனியார் ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆனது, வாடகை 9,500 ரூபாய். 108இல் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே இங்குபேட்டர் வைத்த தனி வண்டிகள் உண்டு, காசு கிடையாது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. இன்னொன்று இன்றுவரை உறுத்துகிறது. தேனியிலிருந்து மதுரை போகும் சாலையிலேயே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே உண்டு. ஆம்புலன்ஸ் அதைத் தாண்டித்தான் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி, உசிலம்பட்டி வழியாகப் போயிருக்கிறது. அங்கே ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம் என்றுகூட அந்த ராத்திரியில் எங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி, ஒரு மணி தூரத்துக்குள் இப்படிப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனை எது, தனியார் எது என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை போய்ச் சேர்ந்தபோது மணி 1.40. வாசலிலேயே 50,000 அட்வான்ஸ் கேட்டார்கள். தம்பி தன் நண்பர்கள் நான்கு பேரை எழுப்பி, போனிலேயே பணம் வாங்கிக் கட்டினான். அடுத்துக் கையெழுத்துப் பிரச்சினை. அப்பாவோ அம்மாவோ கையெழுத்திட வேண்டும் என்றார்கள். என் கணவரிடம் போனில் பேசி, அவர் சம்மதத்தைக் கேட்ட பிறகு தம்பியைப் போட அனுமதித்தார்கள். எங்கள் ஆதார் கார்டுகளின் படம் அவன் போனில் தற்செயலாக இருந்தது. அதை நீங்கள் தற்செயலுக்கு விடாதீர்கள். இருவர் ஆதார், தாய் சேய் நலப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், ரத்த வகை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் படம் எடுத்து, வீட்டில் ஓடக்கூடிய இரண்டு பேரின் போனில் போட்டு வையுங்கள். பிரசவம் நடந்த இடத்திலிருந்து எழுதிக் கொடுக்கும் கடிதமும் முக்கியம். எங்களுக்குக் கொடுத்த கடிதத்தில் பிறந்த நேரம் இருந்தது, எத்தனை நிமிடம் மூச்சு கொடுத்தார்கள் என்பது இல்லை. மதுரை மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான். தம்பி திரும்பப் போன் செய்து, அந்த சிஸ்டரைத் தேடிப் பிடித்துக் கேட்டுச் சொன்னான்.

மூளைக்குப் போக வேண்டிய ஆக்சிஜனும் ரத்தமும் குறைந்ததால் வரும் பாதிப்பு இது, ஹெச்.ஐ.இ. இரண்டாம் நிலை என்று மருத்துவர் தம்பியிடம் விளக்கியிருக்கிறார். ஃபிட்ஸ் வந்துவிட்டது, மருந்து கொடுத்திருக்கிறோம், உடம்பைக் குளிரூட்டப் போகிறோம் என்றும் சொன்னாராம். 33.5 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைப்பார்கள், பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எங்களுக்கு இரண்டரை மணிக்குத் தொடங்கியது. உள்ளே போய்த் தொட்டுப் பார்த்த தம்பி வெளியே வந்து வராண்டாவில் வாந்தி எடுத்திருக்கிறான். உடம்பு அப்படிச் சில்லென்று இருந்ததாம். அவனுக்கு அதன் அர்த்தம் வேறு மாதிரிப் பட்டுவிட்டது. இந்தச் சிகிச்சையைப் பற்றி வீட்டுக்கு வந்த பிறகு நிறைய வாசித்தேன். வளர்ந்த நாடுகளில் இது வழக்கமான சிகிச்சை. ஆனால் இந்தியா, இலங்கை, வங்காளதேசத்தில் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. உயிரிழப்பும் ஊனமும் சேர்ந்த கணக்கில் குளிரூட்டல் பலன் தரவில்லை, உயிரிழப்பு அதிகமாகவே இருந்தது என்றுதான் அதில் முடிவு வந்தது. எங்கள் பையன் பிழைத்ததால் இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள் என்று நான் சொல்லிவிட முடியாது. இங்கே எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறீர்கள், எங்கள் குழந்தைக்கு ஏன் தேவை என்று கேளுங்கள். அதற்கு நிதானமாகப் பதில் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

இதெல்லாம் நடந்தபோது நான் 80 கிலோமீட்டர் தள்ளிப் படுத்திருந்தேன். வார்டில் மூன்று பேர். மற்ற இரண்டு பேர் பக்கத்திலும் குழந்தை. ராத்திரி அந்தக் குழந்தைகள் அழும்போதெல்லாம் என் மார்பு கனத்து, சட்டை நனையும். மூன்றாம் நாள் இரண்டு மார்பும் கல் மாதிரி ஆகிவிட்டன, காய்ச்சல் அடித்தது. அன்று மதியம் பெரியம்மா வந்தார். வாழை இலையில் சுற்றி இரண்டு முழம் மல்லிகைப்பூ கொண்டுவந்திருந்தார். தலைக்கு என்றுதான் நினைத்தேன். அவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அம்மா முகம் மாறியது. மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும், எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். குழந்தை தங்காத தாய்க்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். பெரியம்மா கெட்டவர் இல்லை. நான் வலியில் துடிப்பதைப் பார்க்க முடியாமல் கொண்டுவந்தார். ஆனால் அந்தப் பூவைப் பார்த்தபோதுதான், வீட்டில் மற்றவர்கள் என் குழந்தையைப் பற்றி என்ன முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. அழுகை வரவில்லை. பூவை ஜன்னலில் வைக்கச் சொல்லிவிட்டு மதுரைக்குப் போன் போட்டேன். அங்கே எடுத்த சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "பால் எடுக்க ஆரம்பிச்சிட்டீங்களாம்மா? இல்லையா? மூணு நாளா யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். குழந்தை வேறு இடத்தில் இருந்தாலும், வாயால் எதுவும் கொடுக்காத நிலையில் இருந்தாலும், பிறந்த சில மணி நேரத்துக்குள்ளேயே பாலைக் கையால் பீய்ச்சி எடுக்கத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, ராத்திரியும் சேர்த்து, ஒரு நாளைக்கு எட்டு முறை. முதலில் சில சொட்டுகள்தான் வரும், அது சீம்பால். சிரிஞ்சில் உறிஞ்சி அனுப்பினால்கூடப் போதும், குழந்தையின் வாய்க்குள் தடவுவார்கள். கொதிக்க வைத்த மூடி போட்ட பாத்திரத்தில் எடுத்தால் வெளியில் நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். தூரம் என்றால் ஐஸ் வைத்த டப்பாவில் அனுப்பலாம். பால் வராத அம்மாக்களுக்காகப் பல அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. என்னால் அந்த மூன்று நாள் பாலைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை, ஆனால் அன்று சாயங்காலம் வெந்நீர்த் துணியை ஒற்றி ஒற்றி, அம்மா பிடித்துக்கொள்ள, முதல் முறையாக அரை டம்ளர் எடுத்தேன். வலி உயிர் போனது.

மறுநாள் சனிக்கிழமை மாலை, தையல் இழுக்க இழுக்க, காரில் மதுரைக்குப் போனேன். கணவர் முந்தின இரவே நாக்பூரிலிருந்து ரயிலில் நேராக அங்கே வந்துவிட்டார். கையை முழங்கை வரை கழுவி, மேலங்கி போட்டு உள்ளே விட்டார்கள். வார்மருக்குக் கீழே, குழாய்களுக்கு நடுவே கிடந்தான். காலில் கட்டிய பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு என் பெயர். குளிரூட்டல் முடிந்து உடம்பு பழைய சூட்டுக்கு வந்திருந்தது. உள்ளங்கையில் விரலை வைத்தேன். அவன் முகம் சுருங்கியது, வாய் திறந்தது, நெற்றி சிவந்தது, கண்ணோரம் நனைந்தது. சத்தம் மட்டும் இல்லை. நான் பயந்து கத்திவிட்டேன். அழுகிறான்மா, நல்லதுதான், குழாய் குரல்வளைக்குள் போவதால் சத்தம் வெளியே வராது என்று சிஸ்டர் சொன்னார். என் மகன் அழுவதை நான் முதலில் பார்க்கத்தான் செய்தேன். கேட்டது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, வென்டிலேட்டரை எடுத்த பிறகு. பூனைக்குட்டி முனகுவது போல, கரகரத்த சின்னச் சத்தம்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மதுரையில் 15 நாள் பில் 3,42,000. மருந்து, பரிசோதனை தனியாக 61,000. பிரசவம் நடந்த இடத்தில் 48,000. ஆம்புலன்ஸ் 9,500, பக்கத்து லாட்ஜ் அறை 8,400. மொத்தம் நான்கு லட்சத்து 69 ஆயிரம். என்னுடையதும் அம்மாவுடையதும் சேர்த்து 5 பவுன் அடகுக்குப் போனது, அதில் 1,60,000 கிடைத்தது. மிச்சம் கைமாற்றும் வட்டியும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் சேரலாம். நாங்கள் சேர்ந்திருக்க வேண்டியவர்கள்தான். ஆனால் கல்யாணம் ஆனதும் அம்மா வீட்டு ரேஷன் கார்டில் என் பெயரை எடுத்தார்கள், மாமியார் வீட்டுக் கார்டில் சேர்க்கவே இல்லை. இரண்டு வருடமாக நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட வேலை. கர்ப்பம் உறுதியான வாரமே அதை முடியுங்கள். கார்டு இருந்தாலும், அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டுக் கவுன்டரில் கேளுங்கள். பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் அப்பாவிடம் 5 லட்சத்துக்குத் தனியார் பாலிசி இருந்தது. பிறந்து 90 நாள் ஆன பிறகுதான் குழந்தை அதில் சேரும் என்று அங்கே வந்துதான் அவருக்குத் தெரிந்தது. உங்கள் பாலிசியில் குழந்தைக்கு முதல் நாளிலிருந்து உண்டா என்று இன்றைக்கே பாருங்கள். பில்லைக் கடைசி நாள் மொத்தமாகப் பார்க்காமல், இரண்டு நாளுக்கு ஒரு முறை கேட்டு வாங்குங்கள். மஞ்சள் காமாலைக்கு வைக்கும் விளக்குச் சிகிச்சையை வைக்காமலே எங்களுக்கு 4,500 எழுதியிருந்தார்கள், காட்டியதும் எடுத்துவிட்டார்கள். பிரிக்காத மருந்து, சிரிஞ்சுகளை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்தாலும் பணம் வரும்.

உள்ளே ஒரு நாளைக்கு அரை மணிதான் பார்க்க விடுவார்கள், மீதி நேரமெல்லாம் வராண்டா. அங்கே இருந்த நாட்களில் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மருத்துவர் சொல்வதை எழுதத் தொடங்கினேன். மூச்சு எப்படி, ஃபிட்ஸ் வந்ததா, பால் எவ்வளவு, இந்த மூன்றும் தினமும். ஒரு மருத்துவர் நம்பிக்கையாகப் பேசுவார், இன்னொருவர் ஒன்றும் சொல்ல முடியாது என்பார், இரண்டையும் கேட்டு மண்டை குழம்பும். நோட்டில் பால் 2 மில்லி, 5 மில்லி, 10 மில்லி என்று ஏறுவது மட்டும் மாறாது. அப்புறம் சொந்தக்காரர்கள் போன். "கர்ப்பமா இருக்கும்போது கிரகணம் பார்த்தியா", "பப்பாளி சாப்பிட்டியா", "வலி தாங்காம ஆபரேஷன் கேட்டியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லி, நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று நானே நம்பத் தொடங்கினேன். ஒரு ராத்திரி மருத்துவரிடமே கேட்டுவிட்டேன். இல்லம்மா, நீங்கள் செய்ததாலோ செய்யாததாலோ வந்தது இல்லை என்று நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். எல்லாருக்கும் பதில் சொல்ல வீட்டில் ஒருவரை நியமித்துவிடுங்கள், அது அம்மாவாக இருக்கக் கூடாது.

ஒன்பதாம் நாள் பாலாடையில் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் வீடுகளில் கிடக்கும் அதே சங்குதான், நுனி மூக்கு நீண்டு குழிவாக இருக்குமே. உதட்டோரம் வைத்து லேசாகச் சாய்த்து, அவன் விழுங்குவதற்குக் காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த சொட்டு. 15 மில்லி கொடுக்க 40 நிமிடம் ஆனது. என் கை நடுங்கியதில் பாதி கழுத்துத் துணியில் போனது. சிஸ்டர் திட்டவில்லை, கையைப் பிடித்துக் கோணத்தைக் காட்டினார். பதினோராம் நாள் நேரடியாக மார்பில் சப்பினான். அன்றே அவனை என் நெஞ்சோடு, தோலோடு தோலாகச் சேர்த்துக் கட்டி ஒரு மணி நேரம் வைத்திருக்க விட்டார்கள். முடிந்தால் இதை நீங்களே கேளுங்கள், அப்பாவும் வைத்துக்கொள்ளலாம். என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு அவனை மார்பில் போட்டுக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கியபடி உட்கார்ந்திருந்தார்.

எம்.ஆர்.ஐ.யில் லேசான மாற்றம் இருக்கிறது என்றார்கள். என்ன ஆகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, வளர வளரத்தான் தெரியும் என்றார்கள். டிஸ்சார்ஜ் அன்று எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம், உண்மையில் பாதிதான் முடிந்திருந்தது. காது கேட்கும் பரிசோதனை, கண் பரிசோதனை, ஃபிட்ஸ் மருந்தை எப்போது குறைப்பது, அடுத்து எப்போது வர வேண்டும், இவ்வளவையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். அதன் பிறகான பயிற்சிகளுக்கு நாங்கள் தனியார் இடம் போகவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, அங்கே பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம். அந்த ராத்திரி தாண்டிப் போன அதே க.விலக்குக்கு வாரம் ஒரு முறை பஸ்ஸில் போனோம். கழுத்து நிற்க ஐந்து மாதம், நடக்க 16 மாதம் ஆனது. இரண்டு வயது முடிந்துவிட்டது, பேச்சு இன்னும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது, பயிற்சி நடக்கிறது. வராண்டாவில் என்னோடு உட்கார்ந்திருந்த இன்னொரு அம்மாவின் குழந்தை ஏழாம் நாள் போய்விட்டது. அவள் பாலை என்ன செய்தாள் என்று அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

போன மாதம் சித்தி மகளுக்கு எட்டாம் மாதச் செக்கப். நானும் கூடப் போனேன். ஸ்கேன் எல்லாம் பார்த்து முடித்து, மருத்துவர் அடுத்த டோக்கனைக் கூப்பிடப் போகும் நேரத்தில் கேட்டேன், "குழந்தை அழலைன்னா யார் பார்ப்பாங்க, எங்கே அனுப்புவீங்க டாக்டர்?" சித்தி என் தொடையைக் கிள்ளினார். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குழந்தை மருத்துவர் அதே தெருவில் இருப்பதாகவும், சிசேரியன் என்றால் அவர் வந்த பிறகுதான் கத்தி வைப்பதாகவும், மேலே அனுப்ப வேண்டியிருந்தால் எந்த மருத்துவமனைக்கு முதலில் போன் செய்வார்கள் என்பதையும் சொன்னார். தங்கச்சி அதைத் தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.